இறகும் முடியும் கரியாகும்போது எங்கே பிசகுகிறது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கரி என்றால் கருவேல மூட்டமும் புதுவயல் ஆலைகளின் உமிக்கரியும்தான் நினைவுக்கு வரும். அந்த இரண்டிலும் கைதேர்ந்தவர்கள்கூட கோழி இறகில் முதல் தடவை தோற்றுப்போகிறார்கள். விறகும் உமியும் உருகுவதில்லை, இறகு உருகும். மூட்டம் போட்டுப் பழகிய கை சூட்டை விறுவிறுவென்று ஏற்றிவிடும். இறகு கரியாவதற்குள் பாகாகிவிடும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இறகு, முடி, குளம்பு, கொம்பு எல்லாமே கெரட்டின் என்ற புரதம். அதன் எடையில் சுமார் 15 சதவீதம் நைட்ரஜன். கந்தகம் இறகில் 2 முதல் 3 சதவீதம், தலைமுடியில் 5 சதவீதம் வரை. கரிக்குள் தங்கும் நைட்ரஜனால்தான் இந்தக் கரிக்கு மதிப்பு: சாயத்தைப் பிடிக்கும், மின்தேக்கியில் மின்னூட்டத்தைத் தாங்கும். தங்காமல் வெளியேறும் நைட்ரஜனும் கந்தகமும் அம்மோனியாவாக, ஹைட்ரஜன் சல்பைடாக, ஹைட்ரஜன் சயனைடாக வரும். ஆகவே கீழே சொல்வது எல்லாம் ஃபியூம் ஹூட் (நச்சு வாயுவை வெளியே இழுக்கும் கூண்டு) உள்ள ஆய்வுக்கூடத்துக்கு. மொட்டை மாடியில், சமையல்கட்டுக்குப் பின்னால், தகர டப்பாவை வைத்துச் செய்யும் வேலை அல்ல.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சரியான ஓட்டம்

எந்தப் பிழையையும் பிடிக்க, பிழையில்லாத ஓட்டம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். 60 மி.மீ. உள்விட்டம், 1 மீட்டர் நீளமுள்ள குழாய் உலைக்கு ஒரு தடவைக்கு 20 கிராம் காய்ந்த இறகு போதும்.

இறகை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, நாலு தடவை நல்ல தண்ணீரில் எடுக்கவும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 2 மணி நேரம் ஊறவைத்துக் கொழுப்பை நீக்கவும். கொசுவலைக்கு அடியில் வெயிலில் உலர்த்தி, 105 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை வைக்கவும். 1 முதல் 2 செ.மீ. துண்டுகளாக வெட்டவும்.

அடுத்தது மூன்று சூடு. முதலில் 215 டிகிரியில் 24 மணி நேரம். பிறகு நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் ஏற்றி 450 டிகிரியில் 2 மணி நேரம். இரண்டும் நைட்ரஜன் ஓட்டத்தில். 20 கிராம் இறகுக்கு 5 அல்லது 6 கிராம் கரி நிற்கும். அதைப் பொடித்துச் சலித்து, 5 கிராம் கரிக்கு 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கணக்கில், தண்ணீரில் கரைத்த காரத்தில் ஓர் இரவு ஊறவைத்து, 110 டிகிரியில் உலர்த்தி, நிக்கல் மூசையில் (சூடு தாங்கும் கிண்ணம்) இட்டு 700 டிகிரியில் 1 மணி நேரம். கரியில் துளைகளை உண்டாக்கும் செறிவூட்டல் இதுதான். நைட்ரஜனை நிறுத்தாமலே அறைச் சூட்டுக்கு ஆறவிட்டு, முதலில் தண்ணீர், பிறகு அமிலம், பிறகு மறுபடி தண்ணீர் என்று கழுவ வேண்டும். கடைசியில் கையில் வருவது 2 முதல் 3 கிராம். எடுத்துக்கொண்ட இறகில் ஆறில் ஒரு பங்குகூட வராததைக் கண்டு மனம் தளர வேண்டாம். இந்தப் பொருளின் இயல்பு அது.

அறிகுறி: இறகு இறகாக இல்லை, நுரைத்த கட்டியாக ஒட்டிக்கிடக்கிறது

மிக அதிகமாக வருவது இதுதான். கட்டியை உடைத்துப் பாருங்கள். குழிப்பணியாரத்தைப் பிட்டால் தெரிகிற மாதிரி உள்ளே வட்ட வட்டமாகத் துளைகள், துளைச் சுவர் கண்ணாடி போல மினுங்கும். அப்படியென்றால் இறகு உருகிய நிலையில் வாயு கிளம்பி ஊதியிருக்கிறது. நல்ல ஓட்டத்தில் 450 டிகிரிக்குப் பிறகும் ஒவ்வொரு தூவியும் தனித்தனியாகத் தெரியும். விரலால் தேய்த்தால் நார் நாராகப் பொடியும்.

இறகுக் கெரட்டின் 230 முதல் 240 டிகிரிக்குள் உருகுகிறது. அதற்குக் கீழே 215ல் நீண்ட நேரம் நிறுத்தினால் புரதச் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்துகொள்கின்றன. பிணைந்தபின் எவ்வளவு சூடேற்றினாலும் உருகாது. இந்த 24 மணி நேரத்தைச் சுருக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. 4 மணி நேரத்தில் நிறம் கருத்துவிடுவதால் ஆயிற்று என்று நினைத்துவிடுகிறார்கள். நிறத்தை நம்பாதீர்கள். ஒரு சிட்டிகை எடுத்து, ஃபியூம் ஹூட்டுக்குள் 260 டிகிரி சூட்டுத் தட்டில் வைத்துக் கண்ணாடிக் கம்பியால் அழுத்துங்கள். கம்பியில் ஒட்டினால் இன்னும் ஆகவில்லை. மொறுமொறுவென்று நொறுங்கினால் ஆயிற்று.

24 மணி நேரம் வைத்தும் உருகினால் குற்றம் பெரும்பாலும் வெப்பக் கட்டுப்பாட்டில். சாதாரண உலைகள் குறித்த சூட்டைத் தாண்டி 15, 20 டிகிரி எகிறிவிட்டுத்தான் இறங்கும். 215 என்று வைத்தால் சிறிது நேரம் 235ஐத் தொட்டிருக்கும். அந்தச் சிறிது நேரம் போதும். 190ல் 1 மணி நேரம், 205ல் 1 மணி நேரம், அப்புறம் 215 என்று படிப்படியாக ஏற்றுங்கள். உலைச் சுவரின் தெர்மோகப்பிளை நம்பாமல், இறகுக் குவியலின் நடுவே இன்னொன்றைச் செருகிப் பாருங்கள். குவியல் 2 செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம். பிணைப்பு நடக்கும்போதே சூடு பிறப்பதால் தடித்த குவியலின் நடு, ஓரத்தை முந்திவிடும்.

சூடு சரியாக இருந்தும் உருகினால் கழுவலைப் பாருங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டு நாற்றம் போக்கியிருந்தால், முதல் தவறு அங்கேதான். கெரட்டினை இறுக்கிப் பிடிப்பவை கந்தகப் பாலங்கள். குளோரின் அவற்றை அறுத்துவிடும். போதாததற்குச் சுண்ணாம்பும் ஒட்டிக்கொண்டு சாம்பலைக் கூட்டும். சலவைச் சோடாவில் நீண்ட நேரம் ஊறவைத்தாலும் கெடுதல்தான். 1 சதவீதக் கரைசலில் 20 நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள்.

மூன்றாவது, கொழுப்பு. நம்மூர்க் கோழிக்கடைகளில் பிராய்லரைப் பெரும்பாலும் தோலோடு உரித்துவிடுவார்கள். டிரம்மில் விழுவது இறகு மட்டுமில்லை, தோலும் அதன் அடிக்கொழுப்பும். அந்தக் கொழுப்பு உருகி இறகுகளை ஒட்டவைக்கும். கடைக்காரரிடம் "அண்ணே, மெஷின்ல பிடுங்குன இறகை மட்டும் தனியாப் போட்டு வைங்க, தோல் வேணாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது எல்லாக் கரைப்பானையும்விட மலிவு. வாட்டிய நாட்டுக்கோழியின் கருகல் இறகு வேண்டாம். பாதி உருகி, மஞ்சள் படிந்து வரும்.

நடுத்தண்டை மட்டும் தனியாகக் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. தூவி சரியாக வந்து தண்டு மட்டும் ஊதியிருந்தால், தண்டைக் கத்தரித்துத் தனி ஓட்டமாகப் போடுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் வேகாது. குளம்பும் கொம்பும் இதைவிடப் பிடிவாதம்: 2 மி.மீ.க்குக் கீழே அரத்தால் ராவிய தூளாக இல்லாவிட்டால் மேலோடு இறுகி உள்ளே வாயு அடைபட்டு வெடித்துச் சிதறும்.

அறிகுறி: குமிழிக் குப்பியில் குமிழி நின்றுவிட்டது

உலையிலிருந்து வரும் வாயு திரவத்துக்குள் குமிழியிட்டு வெளியேறும் குப்பி இது. உடனே கவனிக்க வேண்டியது. உலைக்குள் அழுத்தம் ஏறுகிறது. குழாயின் அடைப்பு தெறிக்கலாம்.

வெளிக்குழாயைப் பாருங்கள். உலையை விட்டு ஒரு சாண் தள்ளி, குழாய் குளிர்கிற இடத்தில், வெள்ளைப் படிகம் அடைத்திருக்கும். அதற்கு முன்னால் பழுப்புத் தார். வெளியேறும் அம்மோனியாவும் கரியமில வாயுவும் நீராவியும் குளிர்ந்த சுவரில் சேர்ந்து அம்மோனியம் கார்பனேட் ஆகின்றன. முற்காலத்தில் ஐரோப்பாவில் மான்கொம்பை மூடிய கலத்தில் வறுத்து எடுத்த மூர்ச்சை தெளிவிக்கும் உப்பு இதுவேதான். உலை அந்தப் பழைய வேலையைத்தான் திரும்பச் செய்கிறது.

இந்த உப்பு 60 டிகிரி சூட்டிலேயே கலைந்து வாயுவாகிவிடும் என்பதால் தீர்வு எளிது. நைட்ரஜனைக் குறைத்து, உலைச் சூட்டை ஏறவிடாமல் பிடித்து, அடைத்த இடத்தை வெளியிலிருந்து சூடான துணியாலோ ஹீட்டிங் டேப்பாலோ 80 டிகிரிக்குக் கொண்டுவந்தால் திறந்துகொள்ளும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். குத்தும்போது முகத்துக்கு நேரே வருவது சயனைடு கலந்த வாயு. அடுத்த ஓட்டத்துக்கு வெளிக்குழாயை 12 மி.மீ.க்குக் குறையாத விட்டத்தில் மாற்றி, உலையிலிருந்து முதல் வெற்றுக் குப்பி வரை ஹீட்டிங் டேப் சுற்றிவிடுங்கள். அந்தக் குப்பி அகன்ற வாயுள்ளதாக இருக்கட்டும். உப்பும் தாரும் அதில் விழுந்தால் அடைக்க இடமில்லை.

அடைப்பு இல்லாமல் குப்பித் தண்ணீர் பின்னோக்கி ஏறினால் அது வேறு கோளாறு. மின்சாரம் போய் உலை ஆறத் தொடங்கியிருக்கும், அல்லது சிலிண்டர் தீர்ந்திருக்கும். உலைக்கும், நச்சு வாயுவைப் பிடிக்கும் காரக் குப்பிக்கும் நடுவே வெற்றுக் குப்பி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டியது இதற்குத்தான். 700 டிகிரி குழாய்க்குள் தண்ணீர் போனால் குழாய் நொறுங்கும். கரண்ட் போனாலும் நைட்ரஜனை நிறுத்தக் கூடாது, உலையைத் திறக்கக் கூடாது. ஓட்டம் தொடங்குமுன் சிலிண்டரில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்: நிமிடத்துக்கு 200 மி.லி. என்றால் 24 மணி நேரத்துக்கு 288 லிட்டர் போகும்.

அறிகுறி: நாற்றம்

எந்த நாற்றம் என்பதில்தான் விடை இருக்கிறது. முடி கருகிய வாடை 200 டிகிரியைத் தாண்டினால் வரும். அது இயல்பு, வெளியே கசியாமல் இருந்தால் போதும். கண் எரிந்தால் அம்மோனியா. காரக் குப்பி அதைப் பிடிக்காது, ஃபியூம் ஹூட்டின் இழுவைதான் கொண்டுபோக வேண்டும். அழுகிய முட்டை வாடை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு. காரக் குப்பி வேலை செய்யவில்லை என்று பொருள். அந்த வாடை திடீரென்று மறைந்துவிட்டால் நிம்மதி அடையாதீர்கள். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போகும். சயனைடுக்கு வாதுமை வாடை என்று புத்தகத்தில் போட்டிருக்கும். பலருக்கு அது மூக்கில் ஏறவே ஏறாது. அதை மூக்கை வைத்துச் சோதிக்க முடியாது.

காரக் குப்பியில் 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு 300 மி.லி. வைத்தால் 20 கிராம் இறகுக்குத் தாராளம். ஆனால் கரியமில வாயுவும் அதே காரத்தைத் தின்கிறது. ஓட்டத்துக்கு ஓட்டம் பி.எச். தாளால் பாருங்கள், 12க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள். காரம் தீர்ந்த குப்பி பிடித்த சயனைடைத் திருப்பி விட்டுவிடும். பழைய கரைசலில் அமிலம் மட்டும் படவே கூடாது.

அறிகுறி: மேலே சாம்பல் பூத்திருக்கிறது, எடை குறைவு

காற்று நுழைகிறது. மேலே சொன்ன குழாயின் கொள்ளளவு சுமார் 2.8 லிட்டர். நிமிடத்துக்கு 200 மி.லி. விட்டால் ஒரு தடவை மாற்றவே 14 நிமிடம். காற்றை ஒழிக்க ஐந்து தடவையாவது மாற வேண்டும். ஆக 70 நிமிடம். பத்து நிமிடம் விட்டுவிட்டுச் சூடேற்றினால் இறகு எரியத்தான் செய்யும். அவசரமென்றால் முதலில் 500 மி.லி.க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

கசிவு இல்லாமலும் சாம்பல் கூடினால் மூலப்பொருள் அழுக்கு. 1 கிராம் கரியை 650 டிகிரியில் திறந்து எரித்து மிச்சத்தை நிறுத்துப் பாருங்கள். நன்கு கழுவிய இறகுக்கரியில் சில சதவீதத்தைத் தாண்டாது. சலூன் முடியில் முகப்பவுடரின் டால்க், உடைந்த பிளேடுத் துண்டு, முடிச்சாயம் எல்லாம் வரும். டால்க்கை எந்த அமிலமும் எளிதில் கரைக்காது, முன்னாலேயே அலசி நீக்கினால்தான் உண்டு. பிளேடுக்குக் காந்தம், கையை விட்டுத் துழாவாதீர்கள். குன்றக்குடி போன்ற கோயில்களில் இறக்கும் முடியில் நீளமானது நல்ல விலைக்குப் போகும் சரக்கு, அதைக் கரியாக்குவது வீண். குட்டை முடி மட்டுமே இதற்கு.

அறிகுறி: செறிவூட்டிய கரியைத் திறந்ததும் பொறி பறக்கிறது

700 டிகிரியில் காரமும் கரியும் வினைபுரிந்து பொட்டாசியம் கார்பனேட்டும் ஹைட்ரஜனும் உருவாகின்றன. சிறிதளவு பொட்டாசியம் உலோகமாகவே பிரிகிறது. அந்த உலோக ஆவி கரியின் அடுக்குகளுக்குள் புகுந்து விரிப்பதும் துளை பிறக்க ஒரு காரணம். மிச்சமிருக்கும் உலோகம் காற்றின் ஈரத்தைக் கண்டால் பற்றும். 50 டிகிரிக்குக் கீழே ஆறும்வரை நைட்ரஜன் ஓடட்டும். எடுத்ததும் நேரே தண்ணீரில் போடாமல், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இரைச்சல் அடங்கியபின் தண்ணீர் சேருங்கள்.

மூசை அரிப்பதும் இங்கேதான். பீங்கான், அலுமினா, குவார்ட்ஸ் மூன்றையும் உருகிய காரம் தின்னும். தட்டானிடம் இருக்கும் களிமண் மூசையும் தாங்காது. நிக்கல்தான் தாங்கும்; அதுவும் சில பத்து ஓட்டங்களில் மெலியும். அமிலக் கழுவல் வெளிர்பச்சையாக வந்தால் நிக்கல் கரைகிறது, மூசையை மாற்றும் காலம் வந்துவிட்டது.

அறிகுறி: கழுவிய தண்ணீர் நீலமாகிறது

இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் இரண்டு தடவை படிக்க வேண்டும்.

இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கலத்தில் செறிவூட்டி, கரியை நேரே அமிலத்தில் போட்டிருப்பீர்கள். முதலில் மங்கிய பச்சை, பிறகு மயில்கழுத்து நீலம். கரியோடு சேர்ந்து வடிதாளும் நீலமாகும். அழகாகத்தான் இருக்கும். அது பிரஷ்ய நீலம். அது தோன்றியிருக்கிறது என்றால் உங்கள் கரியில் சயனைடு பிறந்திருக்கிறது.

வேதியியல் செய்முறையில் லாசிகன் சோதனை செய்தவர்களுக்கு இது பிடிபட்டுவிடும். நைட்ரஜன் உள்ள பொருளைச் சோடியத்தோடு பழுக்கக் காய்ச்சினால் சோடியம் சயனைடு. அதில் இரும்பு உப்பும் அமிலமும் சேர்த்தால் நீலம். கெரட்டின் கரியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு 700 டிகிரியில் வைப்பது அதே சோதனையைக் கிராம் கணக்கில் செய்வதுதான். இது புதிதும் அல்ல. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் இந்த நீலம் தற்செயலாகக் கிடைத்ததே விலங்குப் பொருள் கலந்த பொட்டாஷிலிருந்து. பின்னாளில் கொம்பு, குளம்பு, உலர்ந்த இரத்தம், பொட்டாஷ், இரும்புத் துண்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் காய்ச்சி அந்தச் சாயத்துக்கான மஞ்சள் உப்பைத் தொழிலாகவே எடுத்தார்கள்.

நீலம் வருவதைவிட வராமலிருப்பது ஆபத்து. நிக்கல் மூசையில் இரும்பு இல்லாததால் நீலம் காட்டாது. சயனைடு மட்டும் இருக்கும். அதில் அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சயனைடு வாயுவாகக் கிளம்பும்; கூடவே சல்பைடிலிருந்து முட்டை வாடை. ஆகவே வரிசை இதுதான், மாற்றக் கூடாது: முதல் கழுவல் எப்போதும் வெறும் தண்ணீர். 5 கிராம் கரிக்கு 250 மி.லி. விட்டு, கலக்கி, வடிகட்டுங்கள். நாலைந்து தடவை, வடிநீரின் பி.எச். 8க்கு வரும்வரை. கார வடிநீர் அனைத்தையும் ஒரே கலனில் சேருங்கள். அதற்குப் பிறகே, ஃபியூம் ஹூட்டுக்குள், 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2 மணி நேரம்.

கலனில் சயனைடு இருக்கிறதா என்று பார்க்க 5 மி.லி. மட்டும் எடுத்து, ஹூட்டுக்குள், அரிசியளவு ஃபெரஸ் சல்பேட் போட்டுச் சூடாக்கி, ஆறியபின் சில சொட்டு நீர்த்த அமிலம் விடுங்கள். நீலம் வந்தால் கலன் முழுவதையும் அழிக்க வேண்டும். பி.எச். 11ல் வைத்தபடியே, கிளறிக்கொண்டு, சோடியம் ஹைப்போகுளோரைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பொட்டாசியம் அயோடைடு மாவுத்தாள் நீலம் காட்டி, ஒரு மணி நேரம் கழித்தும் அதே நீலம் காட்டினால் போதிய அளவு சேர்ந்துவிட்டது. ஓர் இரவு மூடாமல் ஹூட்டுக்குள் விடுங்கள். பி.எச். 10க்குக் கீழே போகவிட்டால் சயனோஜன் குளோரைடு என்ற இன்னொரு நச்சு வாயு வரும், அதனால் பி.எச். தாளைக் கையிலேயே வைத்திருங்கள். சல்பைடும் ஹைப்போகுளோரைட்டைக் குடிப்பதால் கணக்கைவிட அதிகம் பிடிக்கும். பிறகும் அதைச் சாக்கடையில் ஊற்றாமல், கல்லூரியின் அபாயக் கழிவுக் கலனில் சேருங்கள். சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பெருமையாகச் சொல்லும் ஊர் இது. நிலத்தில் ஊற்றியது எங்கே போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏற்கெனவே நீலமாகிவிட்ட கரியைக் காப்பாற்றலாம். 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கலக்கினால் நீலம் கலைந்து துருப் பழுப்பு நிற்கும். மஞ்சள் வடிநீர் போகும்வரை தண்ணீரில் அலசியபின் அமிலத்தில் துருவைக் கரைக்கலாம். மஞ்சள் நிற்காமல் அமிலம் விட்டால் மறுபடி நீலம்தான்.

அறிகுறி: எத்தனை கழுவியும் பி.எச். இறங்கவில்லை

குறுகிய துளைகளுக்குள் கார்பனேட் உட்கார்ந்திருக்கிறது. 80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் கலக்கி வடியுங்கள். போர்வெல் தண்ணீரில் கழுவினால் ஒருபோதும் முடியாது, ஆர்.ஓ. தண்ணீராவது வேண்டும். கடைசியில் 7.5 அளவில் நின்றுவிட்டால் விட்டுவிடலாம், நைட்ரஜன் உள்ள கரி இயல்பாகவே சற்றுக் காரத்தன்மை உடையது.

அறிகுறி: அயோடின் எண் பொருந்தவில்லை

கரி எவ்வளவு அயோடினை உறிஞ்சுகிறது என்பதைக் காட்டும் எண் இது. குறைவாக வந்தால் முதலில் காரத்தின் எடையைச் சரிபாருங்கள். கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் சுமார் 85 சதவீதம்தான், மிச்சம் ஈரம். 10 கிராம் காரம் வேண்டுமென்றால் 11.8 கிராம் நிறுக்க வேண்டும். திறந்துவைத்த டப்பா என்றால் இன்னும் மோசம். அடுத்து, கரியைக் காரத்தோடு உலர்ந்த நிலையில் கிளறினீர்களா, கரைத்து ஊறவைத்தீர்களா என்று பாருங்கள். கிளறியதில் பாதிக் கரிக்குக் காரமே படாது.

நம்ப முடியாத அளவு அதிகமாக வந்தால் கொண்டாட வேண்டாம். கரியில் மிஞ்சிய சல்பைடு அயோடினைக் குறைத்து அழித்துவிடும். கரி உறிஞ்சியது போலக் கணக்கில் காட்டும். செந்தர முறையில் முதலில் 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 30 விநாடி கொதிக்கவைக்கச் சொல்வது கந்தகத்தை விரட்டத்தான். தேங்காய்ச் சிரட்டைக் கரியில் இந்தப் படியை விட்டவர்கள் தப்பித்திருக்கலாம். கெரட்டினில் தப்ப முடியாது.

அறிகுறி: மின்தேக்கியில் போட்டால் வேலை செய்யவில்லை

மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி 1953 முதல் இயங்கும் காரைக்குடியில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். முதலில் மல்டிமீட்டர். ஊசியில்லாத சிரிஞ்சுக்குள் கரித்தூளை இட்டு, இருபுறமும் பித்தளை போல்ட்டால் அழுத்தி அளவிடுங்கள். 450 டிகிரிக் கரி கிட்டத்தட்ட மின்காப்பான், மீட்டர் அசையாது. 700க்கு மேல் போனால்தான் நன்றாகக் கடத்தும். 900க்கு ஏற்றினால் கடத்தல் இன்னும் கூடும், ஆனால் நைட்ரஜன் பெருமளவு பறந்துவிடும். 700 முதல் 800 வரை இரண்டுக்கும் நடுவான இடம்.

கடத்தல் சரியாக இருந்தும் சுழற்சி மின்னழுத்த வரைகோடு (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைவது) பெட்டி போல இல்லாமல் சாய்ந்திருந்தால், பசை அதிகம் அல்லது தடிப்பு அதிகம். கரி 80, கார்பன் பிளாக் 10, பசை 10 என்பது வழக்கமான பங்கு. 6 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் பி.வி.டி.எஃப். பசை நாளடைவில் கறுத்துச் சிதையும், பி.டி.எஃப்.இ. போடுங்கள். மின்னேற்றி வைத்தது விரைவில் இறங்கினால் இரும்பு மாசு. அமிலக் கழுவலை இன்னொரு தடவை.

அறிகுறி: மெத்திலீன் நீலம் தெளிகிறது, சாயப்பட்டறைத் தண்ணீர் தெளியவில்லை

2019ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலைக்குப் பருத்தி நூலைச் சாயமேற்றும் தண்ணீரில் இந்தக் கரியைச் சோதிக்க விரும்புவோர் பலர். ஆய்வுக்கூடத்தில் சோதனைக்கு எடுக்கும் சாயமான மெத்திலீன் நீலம் பத்து நிமிடத்தில் தெளியும். பட்டறைத் தண்ணீரில் அரக்குச் சிவப்பு அப்படியே நிற்கும். கரி கெட்டுவிடவில்லை. மெத்திலீன் நீலம் சிறிய, நேர்மின் மூலக்கூறு. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் பெரியது, எதிர்மின் உடையது; அந்தத் தண்ணீரோ சோடா உப்பால் பி.எச். 10, 11ல் இருக்கும். அந்தக் காரத்தில் கரியின் மேற்பரப்பும் எதிர்மின் கொண்டு சாயத்தைத் தள்ளிவிடும்.

நீர்த்த கந்தக அமிலத்தால் பி.எச். 5க்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். நாலு பாட்டிலில் ஒவ்வொரு லிட்டர் எடுத்து 0.5, 1, 2, 4 கிராம் கரி போட்டு 2 மணி நேரம் கலக்கினால் எந்த அளவு போதும் என்று தெரியும். அப்போதும் நிறம் நின்றால் துளை போதாது. 700ல் 2 பங்கு காரம் தருவது பெரும்பாலும் நுண்துளை, பெரிய சாய மூலக்கூறு நுழையாது. காரத்தை 3 பங்காகவும் சூட்டை 800ஆகவும் ஏற்றினால் துளை அகலும். கிடைக்கும் கரி குறையும். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது: கரி நிறத்தை எடுக்கும், கரைந்த உப்பை எடுக்காது. தெளிந்த தண்ணீரும் உப்புத் தண்ணீரே, வயலுக்கு ஆகாது.

வேட் சாயத் தண்ணீரில் இன்னொரு மாயம் நடக்கும். மாலையில் தெளிந்தது காலையில் மறுபடி நிறம் காட்டும். அந்தச் சாயத்தை ஹைட்ரோசல்பைட்டால் நிறமிழந்த வடிவில் கரைத்துத்தான் நூலில் ஏற்றுகிறார்கள். மிச்சத் தண்ணீரில் இருப்பதும் அதே வடிவம். காற்றுப் பட்டதும் நிறம் திரும்பும். கரி போடுவதற்கு முன்பே, மீன்தொட்டிக் காற்றுப் பம்பை ஓர் இரவு ஓடவிட்டு, திரும்பிய சாயம் துகளாக அடியில் படிந்தபின் மேல்தண்ணீரை மட்டும் இறுத்து, அதில் கரியைப் போடுங்கள். வடித்த தண்ணீரில் ஒரு குவளையை மூடாமல் மறுநாள் காலைவரை வைத்துப் பார்த்து, நிறம் திரும்பாவிட்டால் மட்டும் அடுத்த கேனைத் தொடுங்கள்.